விரல்நுனியிலும் ஆங்கிலமா?

உசிலம்பட்டியிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் இன்று கணிப்பொறியறியாத மாணவர் அரியர். மகிழத்தக்கதே! ஆனால், ‘தங்கம்’ என்றெழுத முற்படும் தமிழ் மாணவனின் விரல் தேடுவது தகரத்தையன்று. ‘டி’, ‘எச்’, ‘ஏ’ என்னும் ஆங்கில எழுத்துகளை! தமிழை எழுத ஆங்கிலத்தின் வாயிலில் காத்து நிற்கும் இவ்விழிவு ஏன் வந்தது?

கருவியின்மையால் வந்ததன்று. யாழ்ப்பாணத்திற் பிறந்து மலேயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த முத்தையா, தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு விசைப்பலகை வகுத்துச் செருமனியில் பொறி செய்வித்தார். எழுத்தின் தலைமேல் புள்ளி விழுமாறு ‘நகரா விசை’ அமைத்தது அவர்தம் அறிவுத்திறன். பின்னர், 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் வழி ‘தமிழ்99’ விசைப்பலகை உருப்பெற்றது. தமிழக அரசு அவ்வாண்டே அதனைத் தரப்பலகையாக ஏற்று ஆணையிட்டது.

தொல்காப்பியர் வகுத்த முதலெழுத்து 30-உம் அதன் அடிப்படை. உயிர் 12-உம் இடக்கைப் பக்கம். மெய்களிற் பெரும்பாலன வலக்கைப் பக்கம். அ, இ, உ, எ என்னும் குறில்களும் க, ப, ம, த, ந, ய என்பனவும் விரல்கள் தங்கும் நடுவரிசையில் உள்ளன. வடவெழுத்துகளோ மாற்றுவிசையை அழுத்தினாலன்றி வாரா! த, ங, க, ம, புள்ளி என 5 தட்டில் ‘தங்கம்’ முடிகிறது. ஙகரப் புள்ளியைக் கணிப்பொறியே இட்டுக்கொள்கிறது. ஆங்கில வழியிலோ 7, 8 தட்டுகள் வேண்டும்.

“திரையில் தோன்றுவது தமிழ்தானே, வழி எதுவாயின் என்ன?” என்பர் சிலர். ஆங்கில ‘என்’ ஒன்றே ந, ன, ண மூன்றற்கும் நிற்க, கணிப்பொறி நீட்டும் சொற்களுள் ஒன்றைப் பொறுக்கும் மாணவன் எழுத்து வேறுபாட்டை எங்ஙனம் உணர்வான்? மணமும் மனமும், வலியும் வளியும் அவனுக்கு ஒன்றாகிவிடும். கை மறந்ததை நா மறக்கும். நா மறந்ததைக் குமுகாயமே மறக்கும்.

விண்டோசு 10 இயங்குதளத்தில் 2019 முதல் இப்பலகை உடனமைந்தே கிடைக்கிறது. கையிலுள்ளதைப் பயன்கொள்ளாமை யார் குற்றம்? ஆசிரியர்களே, கணிப்பொறி வகுப்பின் முதற்பாடமாக இதனை வையுங்கள். பெற்றோர்களே, தமிழ் பொறித்த பலகையைக் கேட்டு வாங்குங்கள். கிடையாவிடின் எழுத்துகளை ஒட்டிக் கொடுங்கள். நாளும் கால்மணி நேரம் பழகினால் சில கிழமைகளில் கைவந்துவிடும். தமிழன் விரல் தமிழிலேயே இயங்கட்டும்!