யுகுலேலே ஒண்டும் சின்னக் கிற்றார் இல்லை

கிற்றார் செய்யத் தெரிஞ்ச ஆக்களுக்கு யுகுலேலே செய்யிறது ஒரு வேலையா எண்டு கேக்கிறவை இருக்கினம். நாலு தந்தி, சின்ன உடல், கையில தூக்கினால் பாரமே தெரியாது. அதே மரம், அதே பசை, அதே மெசின். கிற்றாருக்கு வெட்டி மிஞ்சின பலகைத் துண்டிலயே ஒரு யுகுலேலே வந்துடும். அப்ப பெரிய கிற்றார் கொம்பனி ஒண்டு யுகுலேலே போட்டால் அது நல்லாத்தானே இருக்க வேணும்?

அப்படி இல்லை என்பதுதான் எங்கட கருத்து. நூறு வருடத்துக்கு மேலாக அமெரிக்காவின் கிற்றார் நிறுவனங்கள் இந்த வாத்தியத்தின் பக்கம் வந்துகொண்டே இருக்கின்றன. மார்ட்டின் வந்தது, கிப்சன் வந்தது, பிறகு ஃபென்டர், கொலிங்ஸ் எண்டு வரிசை நீளுது. இதில் நல்ல யுகுலேலே தந்தவர்கள் யாரெண்டு பார்த்தால், கிற்றாரைச் சுருக்கியவர்கள் அல்ல. கிற்றாரை மறந்துவிட்டுப் புதிதாகக் கேட்டுப் பார்த்தவர்கள்தான்.

முதலில் இது எங்கே இருந்து வந்தது எண்டு பார்ப்பம். 1879 ஓகஸ்டில் ரேவன்ஸ்கிராக் எண்ட கப்பல் ஹொனலூலுவில் வந்து நிண்டது. போர்த்துக்கலின் மதேய்ரா தீவில் இருந்து ஹவாயின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத்தில் வந்த நானூறுக்கும் மேற்பட்ட சனம் அதில். மலையகத்தின் வரலாறு தெரிஞ்சவைக்கு இந்தக் காட்சி புதிசில்லை. அந்தக் கப்பலில் மனுவேல் நூனெஸ், அகஸ்டோ டயஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சாந்தோ எண்டு மூன்று தச்சர்கள் இருந்தார்கள். தோட்ட வேலை முடிந்த பிறகு ஹொனலூலுவில் கடை போட்டு, தங்கட ஊரின் மச்செட்டே எண்ட சின்னத் தந்தி வாத்தியத்தை ஹவாயின் கோஆ மரத்தில் செய்யத் தொடங்கினார்கள். அதில் இருந்துதான் யுகுலேலே பிறந்தது. ஆக, அதன் தாய் கிற்றார் கொம்பனி இல்லை. கூலிக்கு வந்த தச்சர்களும், அதைத் தங்கட பாட்டோடு சேர்த்துக்கொண்ட ஹவாய் மக்களும்தான்.

இப்ப மார்ட்டினுக்கு வருவம். பென்சில்வேனியாவின் நாசரேத் ஊரில் இருக்கும் இந்த நிறுவனம் 1833 இல் தொடங்கியது. அவர்கள் 1907 இல் முதன்முதலாக யுகுலேலே செய்து பார்த்தார்கள். கிற்றார் செய்கிற பழக்கத்திலேயே செய்தார்கள்: ஸ்ப்ரூஸ் மரத்தில் மேற்பலகை, அதன் உள்பக்கத்தில் பலமான தாங்குகட்டைகள். வேலைப்பாட்டில் குறையில்லை. ஆனால் சத்தம் வரவில்லை, வாத்தியம் எடுபடவும் இல்லை.

காரணம் பெரிய விஞ்ஞானம் இல்லை. உருக்குத் தந்தி போட்ட ஒரு கிற்றாரில் எல்லாத் தந்தியும் சேர்ந்து இழுக்கும் இழுவை சுமார் 70 கிலோவைத் தாண்டும். யுகுலேலேயில் அது ஏறத்தாழ அதன் கால்வாசிதான். கிற்றாரின் மேற்பலகை அந்த இழுவையில் முறியாமல் நிக்க வேணும். யுகுலேலேயின் மேற்பலகைக்கு அந்தப் பயம் இல்லை. அதற்கு வேற கவலை: இந்தச் சின்ன இழுவைக்கே அது துடிக்க வேணும். பலமாகச் செய்யிறது கிற்றாரில் கெட்டித்தனம். அதே கெட்டித்தனம் யுகுலேலேயின் வாயை அடைச்சுப் போடும்.

1915 இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா பசுபிக் கண்காட்சியில் ஹவாய் மண்டபத்தின் இசை அமெரிக்காவையே பிடித்துக்கொண்டது. எல்லாருக்கும் யுகுலேலே வேணும். மார்ட்டின் திரும்ப வந்தது. இந்த முறை மெல்லிய மஹோகனிப் பலகை, குறைந்த தாங்குகட்டை. பிறகு கோஆ மரத்திலும் செய்தார்கள். 1926 ஆம் ஆண்டில் மட்டும் 14,000 க்கும் மேற்பட்ட யுகுலேலேகள் அந்தத் தொழிற்சாலையில் இருந்து போயின. மேடையில் வாசிக்கிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் பெரிய சத்தம் தேவைப்பட்டபோது, 1920களிலேயே கொன்சேர்ட், டெனர் எண்ட பெரிய அளவுகளையும் பட்டியலில் சேர்த்தார்கள். அந்தக் கால மார்ட்டின் யுகுலேலேயை இண்டைக்கும் ஆக்கள் தேடித் தேடி வாங்குகினம். 1907 இல் தோற்றதும் 1920களில் வென்றதும் ஒரே கொம்பனிதான். இடையில் மாறினது கைத்திறன் இல்லை, கேட்கிற காது.

இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. அமெரிக்கப் பெருநிலத்தில் தொழிற்சாலைகள் யுகுலேலேயைக் குவிக்கத் தொடங்கியபோது ஹவாயில் இருந்த சின்னத் தயாரிப்பாளர்களுக்கு அது வயிற்றில் அடி. தங்கட வாத்தியத்தை அடையாளம் காட்ட ‘தபு’ எண்ட முத்திரையை அவர்கள் பாவித்தார்கள். முத்திரை போட்டாலும் தொழிற்சாலையின் வேகத்தோடு போட்டி போடுவது லேசு இல்லை. ஒரு சின்ன இடத்தின் கைவேலை உலகம் முழுக்கப் பேர் எடுக்கும்போது, காசு மட்டும் வேறு இடத்துக்குப் போவது எங்களுக்கும் தெரியாத கதை இல்லை. ஆனாலும் 1916 இல் சாமுவேல் கமாக்கா தொடங்கிய கமாக்கா பட்டறை ஹொனலூலுவில் இண்டைக்கும் அதே குடும்பத்தின் கையில் இருக்கிறது. யூரியூப்பில் உலகத்தை யுகுலேலே பக்கம் திருப்பிய ஜேக் ஷிமாபுகுரோ வாசிப்பது கமாக்காதான். பெரியவர்கள் வந்தால் சின்னவர்கள் எல்லாரும் அழிஞ்சு போவினம் எண்டு நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால், நிலைச்சு நிண்டவர்கள் மலிவில் போட்டி போடாமல் தரத்தில் போட்டி போட்டவர்கள்.

தரம் எண்டால் விலை எண்டு அர்த்தம் இல்லை. இதுக்கு மரியோ மக்காஃபெரியை விட நல்ல உதாரணம் இல்லை. ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசித்ததால் புகழ்பெற்ற பிரெஞ்சு செல்மர் கிற்றார்களை வடிவமைத்தவர் அவர். அப்படிப்பட்ட ஆள் 1949 அளவில் ‘ஐலண்டர்’ எண்ட பிளாஸ்ரிக் யுகுலேலேயைக் கொண்டுவந்தார். விலை ஆறு டொலருக்கும் குறைவு. ஆர்தர் கோட்ஃப்ரி தொலைக்காட்சியில் யுகுலேலே சொல்லிக் குடுத்த காலம் அது. ஐலண்டர் பத்துலட்சக் கணக்கில் விற்றது. பிளாஸ்ரிக் எண்டு சிரிக்கலாம். ஆனால் அச்சில் வார்த்ததால் ஒவ்வொரு பிரெட்டும் இருக்க வேண்டிய இடத்தில் சரியாக இருந்தது. கொஞ்சக் காசுதான் வைத்திருக்கும் ஒரு பிள்ளைக்கு எது அவசியம் எண்டு யோசித்து, அதை மட்டும் விட்டுக்கொடுக்காமல் செய்தார். எங்கட கணக்கில் இதுவும் உயர்தர வேலைதான்.

இதோடு இண்டைய கடையை ஒப்பிட்டுப் பாருங்கோ. ஒரு பக்கம், டெக்சாஸின் கொலிங்ஸ் போல, கிற்றார் செய்த அதே கவனத்தோடு ஆயிரம் டொலரைத் தாண்டும் யுகுலேலே செய்தவர்கள். இன்னொரு பக்கம், மின்கிற்றாரின் தலைப்பகுதியை அப்படியே சின்ன வாத்தியத்தில் வைத்து, அந்தத் தோற்றத்துக்காகவே வாங்க வைப்பவர்கள். மார்ட்டினே இப்ப பல யுகுலேலேகளை மெக்சிக்கோவில் செய்கிறது. அதில் ஒரு வகை, அழுத்திச் செய்த செயற்கைத் தகட்டின் மேல் கோஆ மரத்தின் படத்தை அச்சடித்தது. வெயிலும் ஈரமும் மாறி மாறி வரும் ஊருக்கு அந்தத் தகடு வெடிக்காது, வளையாது, அது ஒரு நன்மைதான். எங்களுக்கு நெருடுவது படம். தகடு தகடாகவே இருக்கலாமே! ஏன் அது கோஆ வேசம் போட வேணும்? ஏனெண்டால் வாங்கிறவை கண்ணால்தான் வாங்குகினம் எண்டு விக்கிறவைக்குத் தெரியும்.

அப்ப வாங்கிறவைக்கு உண்மையில் என்ன வேணும்? நாலே விசயம் எண்டு நாங்கள் சொல்லுவம்.

ஒண்டு, சுருதி. தந்தியைச் சும்மா மீட்டிப் பாருங்கோ, பிறகு பன்னிரண்டாவது பிரெட்டில் அழுத்தி மீட்டுங்கோ. அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே சுத்தமாக வர வேணும். வராவிட்டால் எந்தப் பேர் எழுதியிருந்தாலும் வேண்டாம்.

இரண்டு, தந்தியின் உயரம். முதலாவது பிரெட்டில் அழுத்த விரல் நோகுதெண்டால் தந்தி நட்டில் உயரமாக இருக்கு. கடைக்காரர் அதைக் கொஞ்சம் அரவித் தரலாம். தரச் சொல்லிக் கேளுங்கோ.

மூன்று, ரியூனிங் சாவி. ஒரு பாட்டு முடிய முதல் சுருதி இறங்கினால் அது வாத்தியம் இல்லை, தலையிடி. புது நைலோன் தந்தி முதல் சில நாள் இழுபடும், அது இயல்பு. சாவி வழுக்குவது வேற.

நாலு, பாரம். கையில் எடுத்து மேற்பலகையை விரலால் மெல்லத் தட்டுங்கோ. செத்த பலகை போல ‘டொக்’ எண்டால் 1907 ஞாபகத்துக்கு வர வேணும்.

முழுமரமா ஒட்டுப்பலகையா, முத்துச்சிப்பி வேலைப்பாடா, யாரின் கையெழுத்து என்பதெல்லாம் இதுக்குப் பிறகுதான். முழுமரம் நல்லாப் பாடும், ஆனால் குளிரூட்டின அறையில் காய்ஞ்சால் வெடிக்கும். நல்ல ஒட்டுப்பலகை அந்தளவு பாடாது, ஆனால் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறலாம். எது சரி எண்டு உங்கட வாழ்க்கைதான் சொல்ல வேணும், விளம்பரம் இல்லை.

“பழகிற ஆளுக்கு இவ்வளவு தேவையா, மலிவா ஒண்டை வாங்கிக் குடுத்தால் காணும்தானே” எண்டு பலர் சொல்லுவினம். நாங்கள் மறுபக்கம் நிற்கிறோம். கைதேர்ந்த ஆள் ஒரு கெட்ட வாத்தியத்தையும் சமாளிப்பார், எங்கே பிழைக்குது எண்டு அவருக்குத் தெரியும். பழகிற பிள்ளைக்குத் தெரியாது. விரல் சரியான இடத்தில் இருந்தும் சத்தம் கோணலாக வந்தால், அந்தப் பிள்ளை வாத்தியத்தைக் குறை சொல்லாது. ‘எனக்குச் சங்கீதம் வராது’ எண்டுதான் நினைக்கும். ஒரு மாதத்தில் யுகுலேலே அலுமாரிக்கு மேலே போகும், அந்த நினைப்பு மட்டும் ஆயுளுக்கும் நிக்கும். மோசமான வாத்தியத்தின் உண்மையான விலை அதுதான்.

கிற்றார் கொம்பனிகள் யுகுலேலே செய்யட்டும், நல்லாச் செய்யட்டும். அவர்களிடம் நல்ல மரமும் நல்ல மெசினும் நூறு வருட அனுபவமும் இருக்கு. ஆனால் தலைப்பகுதியில் இருக்கும் பேரைப் பார்த்துக் காசு குடுத்தால் பேர்தான் கிடைக்கும். வாசிச்சுப் பார்த்து, தட்டிப் பார்த்து, “இந்தச் சுருதி சரியில்லை, மற்றதைக் காட்டுங்கோ” எண்டு கேளுங்கோ. கடைக்காரர் முகத்தைச் சுழிச்சாலும் பரவாயில்லை.