5 ரூபாய் நாணயத்துக்கு 5 லட்சமா? சில்லறையில் உண்மையில் எதைப் பார்க்கணும்?

மேடவாக்கம் கூட்ரோட்டில் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்குகிறீர்கள். மீதிச் சில்லறையாக வந்த 5 ரூபாய் நாணயத்தில் வைஷ்ணவ தேவி படம். உடனே ஞாபகம் வருவது வாட்ஸ்அப்பில் பார்த்த அந்த வீடியோதான்: "இந்த நாணயம் உங்ககிட்ட இருக்கா? நீங்க லட்சாதிபதி!"

உண்மை என்ன? பார்ப்போம்.

படத்துக்கு விலை இல்லை

வைஷ்ணவ தேவி நாணயம் 2012-இல் வெளியான நினைவு நாணயம். பொதுப் புழக்கத்துக்கென்றே அச்சிடப்பட்டது. அதனால்தான் ஆட்டோ சில்லறை வரைக்கும் வந்திருக்கிறது. நம்ம ஊர்க்காரர்கள் படம் போட்ட நாணயங்களும் அப்படியே. உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி 1995-இல் வந்த திருவள்ளுவர், 2003-இல் காமராஜர், 2009-இல் அண்ணா என 5 ரூபாய் நாணயங்கள் வந்தன. எடுத்து வைத்துக்கொள்ள அழகானவை. ஆனால், படம் இருப்பதால் மட்டும் லட்சங்கள் கிடைக்காது.

2024-இல் வந்த கலைஞர் நூற்றாண்டு 100 ரூபாய் நாணயம் வேறு ரகம். அது புழக்கத்துக்கு வரவில்லை, சேகரிப்பவர்களுக்காக விற்கப்பட்டது. சில்லறையில் கிடைக்க வாய்ப்பே இல்லை.

அப்போ எதைப் பார்க்கணும்?

முதலில் ஆண்டு. அதற்குக் கீழே இருக்கும் குட்டி அடையாளம். நாணயம் எந்த ஆலையில் அச்சானது என்பதை அது சொல்லும்.

• வைரம் போன்ற வடிவம்: மும்பை
• நட்சத்திரம்: ஹைதராபாத்
• வட்டப் புள்ளி: நொய்டா
• எதுவுமே இல்லை: கொல்கத்தா

ஒரே ஆண்டு, ஒரே மதிப்பு. ஆனாலும் ஒரு ஆலையில் நிறையவும் இன்னொன்றில் குறைவாகவும் அச்சிட்டிருக்கலாம். சேகரிப்பவர்கள் தேடுவது இந்தக் குறைவான ரகத்தைத்தான். பெரும்பாலும் அதில் பிரபலமான படம் எதுவும் இருக்காது. சாதாரண நாணயமாகத்தான் தெரியும்.

உள்நாட்டு ஆலைகளால் தேவையைச் சமாளிக்க முடியாத காலங்களில் வெளிநாட்டு ஆலைகளிலும் இந்திய நாணயங்கள் அச்சாகின. 1985 ஒரு ரூபாயில் ஆண்டுக்குக் கீழே 'எச்' என்ற ஆங்கில எழுத்து இருந்தால், அது பிரிட்டனின் பர்மிங்காமில் அச்சானது. பின்னாளில் மெக்சிகோ, தென்னாப்பிரிக்கா, ரஷ்யா, ஸ்லோவாக்கியாவிலும் அச்சாகின. சுவாரசியமான ரகங்கள்தான். ஆனால் தட்டுப்பாட்டைத் தீர்க்க மொத்தமாக ஆர்டர் கொடுத்து வாங்கியவை. 'எச்' இருந்தாலே லட்சம் என்பது கதை.

பிழை நாணயமா, அடிபட்ட நாணயமா?

நாணயத்தின் ஒரு பக்கத்தை நேராகப் பிடித்து, புத்தகத்தின் பக்கத்தைத் திருப்புவது போலத் திருப்புங்கள். இந்திய நாணயத்தில் மறுபக்கமும் நேராக நிற்க வேண்டும். சாய்ந்தோ தலைகீழாகவோ இருந்தால் அது அச்சுப் பிழை.

வடிவம் ஒரு பக்கமாகத் தள்ளி அச்சாகி, மறுபக்கம் வெற்றாக இருப்பதும் பிழைதான். ஓரத்தில் பிறை போல வெட்டுப்பட்டிருந்தால் அதற்கு நேர் எதிர் ஓரத்தைப் பாருங்கள். ஆலையிலேயே நேர்ந்த வெட்டு என்றால் பெரும்பாலும் அங்கே விளிம்பு மங்கலாக இருக்கும். கீறல், நசுங்கல், சுத்தியலால் தட்டியது, ஆசிடில் கரைத்தது எல்லாம் வெறும் சேதம். அதற்கு மதிப்பு கிடையாது.

முக்கியமாக, புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், மதிப்பு போய்விடும்.

10 ரூபாயில் எத்தனை வகை?

'இது செல்லாது' என்று ஒருவர் மறுப்பார். 'இது அரிய நாணயம்' என்று இன்னொருவர் சொல்வார். இரண்டும் தவறு. 14 வடிவங்களில் 10 ரூபாய் நாணயங்கள் வந்திருக்கின்றன, அத்தனையும் செல்லும் என்று 2018 ஜனவரியிலேயே ரிசர்வ் வங்கி அறிவித்துவிட்டது. ரூபாய் குறியீடு இருந்தாலும் செல்லும், இல்லாவிட்டாலும் செல்லும். 25 பைசாவும் அதற்குக் குறைந்த நாணயங்களும் மட்டும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது.

மாட்டுவது எங்கே?

இணையத்தில் ஒருவர் 5 லட்சம் என்று விலை போட்டிருந்தால், அது அவர் கேட்கும் விலை. யாரோ கொடுத்த விலை இல்லை. உண்மை நிலவரம் தெரிய, ஏலத்தில் விற்று முடிந்த விலையைப் பாருங்கள். அல்லது சென்னையில் உள்ள நாணயச் சேகரிப்பாளர் சங்கங்களில் நேரில் காட்டிக் கேளுங்கள்.

மோசடி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கும். "உங்க நாணயத்தை வாங்கிக்கிறோம் சார். பதிவுக் கட்டணம் மட்டும் முதல்ல கட்டிடுங்க" என்று போன் வரும். அடுத்து ஜிஎஸ்டி, அப்புறம் கமிஷன். சில நேரம் ரிசர்வ் வங்கி லோகோ போட்ட கடிதமும் வரும். 2021 ஆகஸ்ட் 4 அன்று ரிசர்வ் வங்கி இதுபற்றி எச்சரித்தது: பழைய நோட்டு, நாணய வியாபாரத்தில் தாங்கள் ஈடுபடுவதில்லை, கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, தங்கள் பெயரில் வசூலிக்க யாருக்கும் அனுமதி தரவும் இல்லை.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: நாணயத்தை வாங்குபவர்தான் உங்களுக்குப் பணம் தர வேண்டும். உங்களிடம் முதலில் பணம் கேட்டால், அவர் வாங்க வந்தவர் இல்லை.

பணம் அனுப்பிவிட்டீர்களா? தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்கி நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

சில்லறையைப் புரட்டிப் பார்ப்பது நல்ல பொழுதுபோக்கு. பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆலை அடையாளம் தேடலாம். அந்த வைஷ்ணவ தேவி நாணயத்தையும் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம். அதை நம்பி ஓடிபி-யை மட்டும் யாருக்கும் சொல்லிவிடாதீர்கள்.