முறுக்கு வேறு, பிடிப்பு வேறு

பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்து, அரசு அலுவலகத்தில் கோப்பு கட்டியே ஓய்வு பெற்ற எழுத்தருக்கு நட்டு போல்ட்டில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நாட்றாம்பாளையத்தில் குடியிருப்பதால் வந்த கவலை இது. அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் போகும் சாலையில், காடும் வளைவும் இறக்கமுமாக இருக்கும் இடத்தில் நம் ஊர். தக்காளி ஏற்றிய டெம்போ, பிள்ளைகள் போகும் வேன், நாம் வைத்தியத்துக்குப் போகும் கார் எல்லாம் இதே வழிதான். சக்கரத்தைப் பிடித்திருப்பவை சில நட்டுகள்.

இப்போது பஞ்சர் கடைகளில் ஏர் கன்னை வைத்து 'டர்ர்' என்று ஒரு சத்தம். சில இடங்களில் வீல் ஸ்பேனர்மேல் ஏறி ஒரு மிதி. "நல்லா டைட் பண்ணியாச்சு சார்" என்பார்கள். இது போதாது என்பது என் கருத்து. அதைக் கேட்க வேண்டியவர்களும் நாம்தான்.

நட்டைத் திருகும்போது போல்ட்டு மயிரிழை அளவு நீள்கிறது. நீண்டது சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுப்புதான் சக்கரத்தை அமுக்கிப் பிடிக்கிறது. நாம் கொடுப்பது முறுக்கு, நமக்கு வேண்டியது இழுப்பு. முறுக்கில் பெரும்பகுதி உராய்விலேயே செலவாகி, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இழுப்பாகிறது. மறை துருப்பிடித்திருந்தால் கை வலிக்கத் திருகியும் பிடிப்பு இருக்காது. எண்ணெய் விட்டிருந்தால் அதே முறுக்கில் போல்ட்டு அளவுக்கு மீறி நீண்டுவிடும்.

நம் கொல்லர்கள் இதை அறிந்தவர்கள்தாம். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையைக் காய்ச்சி மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். பட்டை சுருங்கி, ஆரக்கால்களையெல்லாம் ஒன்றாக இறுக்கும். பட்டை பெரிதானால் கழன்றுவிடும், சிறிதானால் சக்கரம் கோணிவிடும். அளவுதான் வித்தை.

போல்ட்டிலும் அப்படியே. மிகையாக இறுக்கினால் போல்ட்டு திரும்பிச் சுருங்காத அளவு நீண்டுவிடும், அல்லது முறியும். கோப்பின் டேகை வெடுக்கென இழுத்தால் காகிதத்தின் துளை கிழிவதுபோல. குறைவாக இறுக்கினால் சக்கரம் இம்மியளவு பக்கவாட்டில் நகரும். அப்படி நகர நகர நட்டு தானே கழலும் என்று ஜெர்மானியப் பொறியாளர் யுங்கர் 1969இல் சோதனை செய்து காட்டினார்.

2013 ஜூலை 12 அன்று பாரிசிலிருந்து லிமோழ் போன ரயில் பிரெத்திஞி நிலையத்தில் தடம் புரண்டு 7 பேர் இறந்தார்கள். தண்டவாள இணைப்புத் தகடு ஒன்று பிடிப்பு விட்டு, மிஞ்சிய ஒரே போல்ட்டைச் சுற்றித் திரும்பியிருந்தது. பராமரிப்புக் குறைவுக்காக பிரெஞ்சு ரயில் நிறுவனத்துக்கு 2022இல் நீதிமன்றம் 3 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. அத்தனை பெரிய ரயிலுக்கே அந்தக் கதி.

"எங்க காலத்துல கையாலதானே முடுக்கினோம்?" என்பார்கள். அனுபவப்பட்ட கைக்கு ஸ்பேனரில் ஓர் உணர்வு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஏர் கன் அந்த உணர்வைக் கைக்குத் தருவதில்லையே! ஓசூர் வாகன ஆலைகளில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகளைக் கேளுங்கள். அங்கே இத்தனை நியூட்டன் மீட்டர் என்று கணக்கு வைத்துத்தான் முடுக்குவார்கள். சாதாரணக் காருக்கு 100 முதல் 120 வரை இருக்கும். ஒரு மீட்டர் நீளப் பிடியின் நுனியில் பத்துப் பன்னிரண்டு கிலோவைத் தொங்கவிட்டதற்குச் சமம். ஆலையில் கிடைக்கும் அந்தக் கவனம் சாலையோரத்தில் ஏன் கிடைக்கக் கூடாது?

டார்க் ரெஞ்ச் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஏர் கன் வாங்கியவருக்கு அது பெரிய பாரம் அல்ல. கடைக்காரரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். நட்டுகளை வரிசையாக முடுக்காமல் எதிரெதிராக முடுக்கச் சொல்லுங்கள்; அப்போதுதான் சக்கரம் சமமாக உட்காரும். மறையில் எண்ணெய் விட வேண்டாம் என்று சொல்லுங்கள். கடைசி முடுக்கை டார்க் ரெஞ்சால் செய்யச் சொல்லுங்கள். பெயிண்டும் துருவும் அமுங்கிப் பிடிப்பு தளரும் என்பதால், 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி பார்ப்பது நம் பொறுப்பு.

"பெருசுக்கு வேற வேலை இல்லை" என்று முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். அந்த வேனில் போவது நம் பேரப்பிள்ளைகள்.