வானில் இடப்பட்ட பூட்டும் அதன் சாவியும்

அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் பலிசேட்ஸ் பகுதியில் காட்டுத்தீ கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்த 2025 ஜனவரி 9ஆம் திகதி, கனடாவின் கியூபெக் மாகாணத்திலிருந்து தீயணைப்புக்கென வந்திருந்த விமானமொன்றின் மீது சிறிய ட்ரோன் ஒன்று மோதியது. நீரை அள்ளிச் சென்று தீயின் மீது கொட்டும் அவ்விமானத்தின் இறக்கையில் துளை விழுந்தது. விமானிகள் பத்திரமாகத் தரையிறங்கினர். எனினும் ஒவ்வொரு மணித்தியாலமும் பெறுமதிமிக்கதாக இருந்த அவ்வேளையில் அந்த விமானம் சேவையிலிருந்து விலக்கப்பட நேர்ந்தது. தீயின் பாதிப்பைப் பார்வையிடும் ஆவலில் ட்ரோனைப் பறக்கவிட்டவர், அது தமது பார்வைக்கு எட்டாத தூரம் சென்ற பின்னரும் அதனைத் திருப்பி அழைக்கவில்லை. பின்னர் அவர் அடையாளம் காணப்பட்டுக் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

இச்சம்பவம் நிகழ்ந்து நான்கு நாட்களில் மற்றொரு செய்தி வெளியானது. பொழுதுபோக்கு ட்ரோன்களின் உலகச் சந்தையில் மிகப் பெரும் பங்கைத் தன்வசம் வைத்திருக்கும் சீனாவின் டி.ஜே.ஐ. நிறுவனம், அமெரிக்காவில் விமான நிலையங்களைச் சுற்றித் தனது ட்ரோன்களுக்குள்ளேயே பதித்து வைத்திருந்த பறப்புத் தடையை நீக்குவதாக அறிவித்தது. பிரித்தானியாவிலும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் சிலவற்றிலும் 2024ஆம் ஆண்டிலேயே இதேபோன்ற மாற்றம் செய்யப்பட்டிருந்ததால், தீயணைப்பு விமானத்தில் ட்ரோன் மோதியதன் விளைவாக இம்முடிவு எடுக்கப்பட்டதென்று கொள்வதற்கில்லை. ஆயினும், ஓர் ஆபத்தின் அதிர்ச்சி அடங்குமுன்னரே அதனைத் தடுக்கும் ஏற்பாடொன்று கைவிடப்பட்டமை பலரையும் திகைப்பில் ஆழ்த்தியதை மறுப்பதற்கில்லை.

இந்தத் தடை எவ்வாறு இயங்கியது என்பதை முதலில் நோக்குவோம். ட்ரோன் தனது இருப்பிடத்தை ஜி.பி.எஸ். செய்மதிகள் மூலம் அறிந்துகொள்கின்றது. விமான நிலையங்கள், இராணுவத் தளங்கள் முதலானவற்றின் எல்லைகள் வரைபடமாக அதன் மென்பொருளில் சேமிக்கப்பட்டிருக்கும். தடைசெய்யப்பட்ட எல்லைக்குள் நின்று அதனை இயக்க முயன்றால் அதன் மோட்டார்கள் இயங்க மறுக்கும். வெளியிலிருந்து பறந்து வந்தால், கண்ணுக்குத் தெரியாத சுவரொன்றில் முட்டியது போன்று எல்லையில் நின்றுவிடும். பறக்கவிடுபவர் சட்டத்தை அறிந்தவரா, அறியாதவரா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை.

2013ஆம் ஆண்டளவில் ஆரம்பிக்கப்பட்ட இந்த ஏற்பாடு 2015இல் உலகறிந்த விடயமாகியது. அவ்வாண்டு ஜனவரி 26ஆம் திகதி அதிகாலையில் வெள்ளை மாளிகையின் புல்வெளியில் இந்நிறுவனத்தின் ட்ரோன் ஒன்று வீழ்ந்தது. அதனை இயக்கியவர் பயங்கரவாதி அல்லர். கடமையில் இல்லாத ஓர் அரச ஊழியரே. சில நாட்களுக்குள் வாஷிங்டன் நகர மத்தியைச் சுற்றி 25 கிலோமீற்றர் ஆரைக்குள் தனது ட்ரோன்கள் பறக்க முடியாதவாறு புதிய மென்பொருளை அந்நிறுவனம் வெளியிட்டது. அவ்வாறு உள்ளே ஒரு பூட்டை வைக்குமாறு அமெரிக்கச் சட்டம் அதனைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதே இங்கு கவனத்திற்குரியது. பெருந்தொகையானோரின் கைகளில் ட்ரோன்கள் சேர்ந்துகொண்டிருந்த அக்காலத்தில், அரசுகள் சட்டம் இயற்ற ஆண்டுகள் எடுக்க, நிறுவனமோ ஒரு மென்பொருள் மாற்றத்தின் மூலம் காரியத்தை முடித்துவிட்டது.

தானாக இட்ட பூட்டைத் தானாகவே கழற்றுவதற்கும் அதனிடம் நியாயங்கள் இருக்கவே செய்கின்றன. அமெரிக்க சமஷ்டி விமானப் போக்குவரத்து நிர்வாகம் இத்தகைய தானியங்கித் தடையைக் கோரவில்லை என்றும், பறக்கவிடுபவரே தமது செயலுக்கு இறுதிப் பொறுப்பாளி என்றும் நிறுவனம் கூறுகின்றது. இப்போது தடைக்குப் பதிலாக எச்சரிக்கை மாத்திரமே திரையில் தோன்றும். அதனை வாசித்ததாக ஒப்புக்கொண்டு மேலே செல்லலாம். ட்ரோன் தனது அடையாளத்தையும் இருப்பிடத்தையும் ஒலிபரப்பிக்கொண்டே பறக்க வேண்டும் என்ற அமெரிக்க விதி 2024 மார்ச் முதல் முழுமையாக அமுல்படுத்தப்படுவதால், மீறுபவர்களைக் கண்டுபிடிப்பது இலகு என்பது மற்றொரு வாதம். ஒரு மீறலுக்கு 75,000 டொலர் வரை அபராதம் விதிக்கவும் அந்நாட்டுச் சட்டம் இடமளிக்கின்றது. ஆனால் அபராதம் என்பது காரியம் நடந்த பின்னர் வருவது. இறங்கிக்கொண்டிருக்கும் விமானத்தின் இயந்திரத்திற்குள் புகுந்த ட்ரோனின் உரிமையாளரைக் கண்டுபிடிப்பதால் அவ்விமானத்தில் இருந்தவர்களுக்கு என்ன பயன்?

ஆயினும் பூட்டு இருந்தபோது எல்லாம் செவ்வனே நடந்தன என்று கூறினால் அதுவும் உண்மைக்குப் புறம்பானதாகும். பலிசேட்ஸ் மோதல் நிகழ்ந்ததே பழைய ஏற்பாடு நீடித்த நாட்களில்தான். இதனைவிடப் படிப்பினை நிறைந்தது 2017 செப்டெம்பர் 21ஆம் திகதி நியூயோர்க்கின் ஸ்டேட்டன் தீவருகே நிகழ்ந்த சம்பவம். ஐக்கிய நாடுகள் பொதுச்சபைக் கூட்டத்தை முன்னிட்டுச் சுற்றுக்காவலில் ஈடுபட்டிருந்த பிளக் ஹோக் இராணுவ ஹெலிகொப்டருடன் டி.ஜே.ஐ. ட்ரோன் ஒன்று மோதியது. ஹெலிகொப்டரின் சுழலி சேதமடைந்தபோதிலும் அது பாதுகாப்பாகத் தரையிறங்கியது. ட்ரோனை இயக்கியவர் ஏறத்தாழ நான்கு கிலோமீற்றருக்கு அப்பால் நின்றிருந்தார். விசாரணையாளர்கள் தொடர்புகொள்ளும் வரை, தமது ட்ரோன் எதன் மீது மோதியது என்பதே அவருக்குத் தெரியாது. வான்பரப்புத் தடைகளை அறிந்துகொள்ள அவர் நம்பியிருந்தது நிறுவனத்தின் செயலியை மாத்திரமே. ஆனால் தற்காலிகத் தடைகளைக் காட்டும் வசதி அந்த வாரங்களில் நிறுவனத்தாலேயே செயலிழக்கச் செய்யப்பட்டிருந்தது.

புகையிரதக் கடவையில் படலை திறந்திருந்தால் ரயில் வரவில்லை என்று நம்பிக் கடப்பவரின் நிலையை இது ஒத்தது. படலை இல்லாத கடவையில் சாரதி இருபுறமும் பார்ப்பார். படலை உள்ள கடவையில் பார்க்கமாட்டார். ஆதலால் ஒருமுறை படலையை இட்ட பின்னர் அதனைச் சொல்லாமல் திறந்து விடுவது, ஒருபோதும் இடாமல் விடுவதைக் காட்டிலும் ஆபத்தானது. பத்தாண்டுகளாக ட்ரோனே தங்களைத் தடுத்துவிடும் என்று பழகிய பயனாளர்கள் தமது பழக்கத்தை ஓர் எச்சரிக்கை வாசகத்தினால் மாற்றிக்கொள்வார்கள் என எதிர்பார்ப்பது கடினம். கைபேசியில் தோன்றும் நிபந்தனைகளை வாசிக்காமலே 'சம்மதம்' என அழுத்தும் வழக்கம் எம்மில் எவருக்குத்தான் இல்லை?

மறுபுறத்தில், முறைப்படி அனுமதி பெற்ற தீயணைப்புப் படையினரும் மீட்புப் பணியாளர்களும் விமான நிலையத்தருகே பறக்கவிட முற்பட்டபோது, அரசாங்கத்தின் அனுமதி கையில் இருந்தும் நிறுவனம் பூட்டைத் திறக்கும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மேலும், தீய நோக்குடையவனை இப்பூட்டு தடுக்கவும் இல்லை. மென்பொருளை உடைப்பவர்களும் சொந்தமாக ட்ரோன்களைப் பொருத்திக்கொள்பவர்களும் என்றுமே இதற்கு வெளியில் இருந்தவர்கள். 2018 டிசெம்பரில் லண்டனின் கட்விக் விமான நிலையம் ட்ரோன் அச்சத்தினால் மூடப்பட்டு, சுமார் ஆயிரம் விமானச் சேவைகளும் ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் வரையிலான பயணிகளும் பாதிக்கப்பட்டபோது பூட்டு நடைமுறையில் இருந்தது. அச்சம்பவத்தில் எவரும் குற்றவாளியாகக் காணப்படவில்லை. தவறாகக் கைதுசெய்யப்பட்ட தம்பதியினருக்குப் பொலிஸார் இழப்பீடு வழங்க நேர்ந்ததே மிச்சம்.

ஆகவே பூட்டு நல்லதா, தீயதா என்பதைவிட, அதன் சாவி எவரிடம் இருக்கின்றது என்பதே எமது கேள்வி. 2017இல் ஈராக், சிரியா ஆகிய நாடுகளின் சில பகுதிகளில் தனது ட்ரோன்கள் பறக்காதவாறு இந்நிறுவனம் வரைபடத்தை மாற்றியதாகச் செய்திகள் வெளியாகின. ஆயுதக் குழுக்கள் அவற்றில் குண்டுகளைக் கட்டிப் பறக்கவிட்ட காலம் அது. நோக்கம் நல்லதாகவே இருக்கலாம். எனினும் ஒரு நாட்டின் வான்பரப்பில் எது பறக்கலாம் என்பதை சென்சென் நகரிலுள்ள அலுவலகமொன்று தீர்மானித்தது என்பதே அதன் பொருள். சீன இராணுவத்துடன் தொடர்புடைய நிறுவனமென 2022இல் இதனைப் பட்டியலிட்ட அமெரிக்கா, தனது விமான நிலையங்களின் ஓடுபாதைகளைப் பாதுகாக்கும் பூட்டை அதே நிறுவனத்தின் விருப்பத்திற்கு விட்டிருந்தமை வினோதமானது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு விதிகள் இவ்விடயத்தில் ஓரளவு தெளிவானவை. தடை வலயங்களை வகுப்பது உறுப்பு நாடுகளின் பொறுப்பு. அவற்றை ட்ரோனுக்குள் ஏற்றி, எல்லையை நெருங்கும்போது எச்சரிக்கும் வசதியைச் செய்து தருவது குறிப்பிட்ட வகை ட்ரோன்களின் உற்பத்தியாளர் கடமை. ஆனால் அங்கும் சட்டம் கோருவது எச்சரிக்கையையே அன்றித் தானாகத் தடுப்பதை அல்ல. எம்மைக் கேட்டால், விமானங்கள் தாழப் பறந்து ஏறி இறங்கும் ஓடுபாதையின் இரு முனைகளிலுமாவது தடுத்தே ஆக வேண்டும். அந்தக் குறுகிய பரப்பை அரசே வரையறுத்து, உற்பத்தியாளர் அனைவர் மீதும் சட்டத்தினால் விதித்து, அனுமதி பெற்றோருக்கு உடனே திறந்துவிடும் அதிகாரத்தையும் அரசே வைத்திருத்தல் வேண்டும். எஞ்சிய பரந்த வெளியில் எச்சரிக்கை போதுமானது.

எமது நாட்டில் திருமண மண்டப வாசலில் மணமக்களின் தலைக்கு மேல் சுற்றும் ட்ரோனைக் காணாதவர் இன்று அரிது. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களையடுத்துச் சில தினங்களுக்குள் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை நாடெங்கும் ட்ரோன் பாவனையை இடைநிறுத்தியதைப் பலரும் நினைவில் வைத்திருப்பர். அந்த ஆணை உற்பத்தியாளரின் வரைபடத்தை நம்பி விடுக்கப்பட்டதன்று. ஆனால் சாதாரண நாட்களில் கட்டுநாயக்கவிலும் பலாலியிலும் ஓடுபாதையை அண்டி வாழும் இளைஞர் ஒருவர் தமது கையிலுள்ள ட்ரோன் தாமாகவே நின்றுவிடும் என்று நம்பிக்கொண்டிருக்கக்கூடும். உற்பத்தி நிறுவனங்கள் செய்துவரும் இம்மாற்றங்கள் இலங்கையின் விமான நிலையங்களை எவ்வாறு பாதிக்கின்றன என்பதை அந்நிறுவனங்களிடமே கேட்டறிந்து, பதிவுசெய்துள்ள பயனாளர்கள் ஒவ்வொருவருக்கும் தமிழிலும் சிங்களத்திலும் எழுத்து மூலம் அறிவிப்பது அதிகாரசபையின் உடனடிப் பணியாகும்.