விலை கைத்தொலைபேசியில், தராசு யார் கையில்?

மலேசிய ரப்பர் வாரியம் நாள்தோறும் ரப்பர் விலையை அறிவிக்கிறது. முன்னெல்லாம் அந்த விலை பத்திரிகையில் ஏறி, கிராணியார் மேசைக்கு வந்து, பிறகுதான் வெட்டுத் தொழிலாளியின் காதில் விழும். இன்று சிறுதோட்டக்காரர் பால் வெட்டி வீடு திரும்பியதும் கைத்தொலைபேசியிலேயே நண்பகல் விலையைப் பார்த்துவிடுகிறார். இதை நாம் வரவேற்கிறோம். விலையை மறைத்தே கொழுத்தவர்கள் உண்டல்லவா?

ஆனால், தோழர்களே, விலை தெரிந்தாலே வருமானம் கூடிவிடும் என்று மேடையில் முழங்குவோரை நாம் நம்பத் தயாராக இல்லை.

அவர்கள் கேரளத்தைக் காட்டுகிறார்கள். அங்கே 1997 முதல் 2001 வரை கடற்கரையோரம் கைத்தொலைபேசி பரவியது. மத்தி பிடித்த மீனவர்கள் கடலிலிருந்தே விலை விசாரித்து, நல்ல விலையுள்ள கரைக்குப் படகைத் திருப்பினார்கள். ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர் 2007-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மீனவர் லாபம் 8 சதவிகிதம் உயர்ந்தது. மீனின் விலையோ 4 சதவிகிதம் இறங்கியது. நல்ல செய்திதான். ஆனால் அவர்களால் படகைத் திருப்ப முடிந்தது. மூன்று ஏக்கர் ரப்பர்காரர் எதைத் திருப்புவார்? பக்கத்தில் இருப்பது ஒரே வியாபாரி. அவரிடம் கடன் வேறு.

அதைவிடப் பெரிய சங்கதி டி.ஆர்.சி. ஸ்டோரில் மெட்ரோலாக் போட்டுப் பால் அளக்கும் கிராணிமாருக்கும், அதைக் கண்கொட்டாமல் பார்த்து நிற்கும் தொழிலாளருக்கும் இதை நாம் விளக்க வேண்டியதில்லை. கோப்பையில் உறைந்த கட்டிப்பாலுக்கு, பாதி ரப்பர், அதாவது 50 சதவிகிதம் என்று வைத்தே விலை சொல்லப்படுகிறது. கணக்குக்காகக் கிலோ 3 வெள்ளி என்போம். வியாபாரி கட்டியை அமுக்கிப் பார்த்து, “ஈரம் அதிகம், 45தான்” என்றால் அது 2 வெள்ளி 70 காசாகிறது. நூறு கிலோவுக்கு 30 வெள்ளி நஷ்டம்! கைத்தொலைபேசி இதற்கு என்ன பதில் சொல்லும்?

2015-இல் தொடங்கிய உற்பத்தி ஊக்கத்தொகையும் விற்ற ரசீதை வைத்தே கிடைக்கிறது. ரசீதில் எடை குறைந்தால் அதுவும் குறையும்.

இன்னொன்று, மொழி. தமிழ்நாட்டில் 2018-இல் வந்த ‘உழவன்’ செயலி விவசாயியிடம் தமிழில் பேசுகிறது. கண் மங்கிய நம் மூத்த தொழிலாளர்கள் மட்டும் பேரப்பிள்ளைகளைக் கெஞ்சித்தான் விலை கேட்க வேண்டுமா?

ஆகவே நாம் கோருவது இதுதான்: விலையும், அது எத்தனை சதவிகிதத்துக்கு உரியது என்பதும் தமிழில், குரல் வழியாகவே வர வேண்டும். ஒவ்வொரு ரசீதிலும் டி.ஆர்.சி. எழுதப்பட வேண்டும். சந்தேகம் வந்தால் மாதிரியை உலர்த்தி நிறுத்துப் பார்க்க, வியாபாரிக்குச் சொந்தமில்லாத தராசும் அடுப்பும் வட்டாரந்தோறும் வேண்டும். 1960-இல் பத்து பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டமே வாங்கத் துணிந்த கூட்டுறவுப் பரம்பரை நம்முடையது. ஒரு தராசு வாங்க நம்மால் முடியாதா?