கேட்கப்படாத கேள்விகள் யார் கணக்கில்?

 

சென்ற ரமலானில் துடியலூர்ப் பகுதியில் நடைபெற்ற இஃப்தார் நிகழ்ச்சி ஒன்றிற்கு மக்கள் பிரதிநிதி ஒருவர் வருகை தந்தார். தொப்பி அணிந்துகொண்டார், நோன்புக் கஞ்சி அருந்தினார், எல்லோருடனும் நின்று படம் எடுத்துக்கொண்டார். தராவீஹ் முடிந்து வெளியே வருகையில் நம் ஜமாஅத்தின் பெரியவர் ஒருவர் நெகிழ்ந்துபோய், "ஹஜ்ரத், நம்மள மதிச்சு வந்துட்டுப் போனாரு பாருங்க, இது போதுங்க" என்றார். "அவர் சபையில் என்ன கேள்வி கேட்டார் என்று தெரியுங்களா பாய்?" என்று நாம் கேட்டோம். "அதெல்லாம் யாருங்க பாக்கறாங்க?" என்றார் அவர்.

அந்தப் பெரியவர் மீது நமக்கு வருத்தம் இல்லை. ஆனால் அவர் சொன்ன அந்தச் சொல்லின் மீது நமக்குக் கடுமையான வழக்கு உண்டு. அதெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று ஒரு சமுதாயமே சொல்லிக்கொண்டிருந்தால், பார்க்கப்படாத இடத்தில் எதுவும் நடக்கும். நடந்தும் இருக்கிறது.

2022 டிசம்பர் 8ஆம் நாளை நினைவுகூர்வோம். சச்சார் குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து 2009இல் தொடங்கப்பட்டது மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகை. முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், சீக்கியர்கள், பௌத்தர்கள், சமணர்கள், பார்சிகள் ஆகிய ஆறு சிறுபான்மைச் சமூகங்களின் ஏழைப் பிள்ளைகள் எம்.ஃபில், முனைவர் பட்ட ஆய்வு செய்ய அது கைகொடுத்து வந்தது. அந்தத் திட்டம் 2022-23 முதல் நிறுத்தப்படுகிறது என்ற செய்தி நாட்டுக்கு எப்படித் தெரியவந்தது? எந்த மேடையிலும் அது அறிவிக்கப்படவில்லை. கேரளத்தின் திருச்சூர் உறுப்பினர் டி.என்.பிரதாபன் மக்களவையில் கேட்ட கேள்விக்கு, சிறுபான்மையினர் நலத்துறை அமைச்சர் ஸ்மிருதி இரானி எழுத்துப்பூர்வமாக அளித்த பதிலில்தான் அது வெளிப்பட்டது. பிற உதவித்தொகைத் திட்டங்களோடு இது மேற்படிகிறது என்பது அதில் சொல்லப்பட்ட காரணம். 2014-15 முதல் 2021-22 வரை 6,722 பேர் தேர்வு செய்யப்பட்டு 738.85 கோடி ரூபாய் வழங்கப்பட்டதும் அதே பதிலில் இருந்தது.

கேள்வி கேட்ட அந்த உறுப்பினர் நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர் அல்லர். அவர் நம் பிள்ளைகளுக்காகத் தாளில் எழுதிக் கேட்டார். நாமோ, நம் ஊர்ப் பிரதிநிதி நம் தட்டில் கஞ்சி குடித்தாரா என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதற்குச் சில நாட்கள் முன்னர்தான் பள்ளிப் படிப்பு உதவித்தொகை ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு மட்டுமே என்று சுருக்கப்பட்டது. நம் மக்தபில் மாலை வேளையில் ஓத வரும் பிள்ளைகளின் தாய்மார்கள் வருமானச் சான்றிதழுக்கு அலைந்து, வங்கிக் கணக்குத் திறந்து, கணினி மையத்தில் காசு கொடுத்து விண்ணப்பித்து முடித்திருந்த நேரம் அது. ஏழாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தி, "உஸ்தாத், நான் என்ன தப்பாங்க எழுதினேன்?" என்று கேட்டாள். அவள் விண்ணப்பத்தில் ஒரு பிழையும் இல்லை. அவளுக்காகக் கேட்கவேண்டியவர்களிடம் கேட்கச் சொல்லாத நம்மிடம்தான் பிழை.

எழுத்துப்பூர்வக் கேள்வி என்றால் என்ன என்பதையே நம்மில் பலர் அறியோம். மக்களவையில் கேள்விகள் பெரும்பாலும் இருவகைப்படும். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து நின்று வாய்மொழியாகப் பதில் சொல்வார், துணைக் கேள்விகளும் கேட்கலாம். நட்சத்திரக் குறியிடாத கேள்விக்கு எழுத்தில் பதில் வரும். ஒரு நாளுக்கு முதல் வகையில் 20, இரண்டாம் வகையில் 230 கேள்விகள் வரை பட்டியலிடப்படுகின்றன. குறைந்தது 15 நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுக்க வேண்டும். குலுக்கல் முறையில் கேள்விகள் தேர்வாகின்றன. கேள்வி பொதுவாக 150 சொற்களைத் தாண்டலாகாது. அதில் வாதமோ, ஏளனமோ, அவதூறோ இருக்கக்கூடாது. ஒரு தடவை பதில் வந்துவிட்டால் அது அரசின் வாக்குமூலம். சன்சத் இணையதளத்தில் எவரும் அதைப் படிக்கலாம். மேடைப் பேச்சைப் போல அதை மறுநாள் மறுக்க முடியாது.

"பதில் வந்து என்ன பயன்? ஒரு வரியில் கழற்றிவிடுவார்கள்" என்பார் உளர். மதரஸாவில் ஃபிக்ஹு கற்பிக்கிற நாம் இதற்கு நம் துறையிலிருந்தே விடை சொல்வோம். முஃப்தியிடம் மஸ்அலா கேட்க வருபவர், "ஹஜ்ரத், குடும்பத்தில் ஒரு பிரச்சினை, என்ன செய்யலாம்?" என்று கேட்டால், "பொறுமை கொள்ளுங்கள்" என்பதுதான் பதிலாக இருக்கும். சொன்ன சொல் என்ன, சொன்ன நாள் எது, சாட்சி யார் என்று பிரித்துக் கேட்டால் ஹுக்மு தெளிவாக வரும். கேள்வியின் கூர்மை எவ்வளவோ அவ்வளவே பதிலின் கூர்மை.

இதற்குச் சான்று வேண்டுமா? 2020 மே மாதத்தில் நம் கோவையின் வார்ப்படச் சாலைகளிலும் ஆலைகளிலும் பாடுபட்ட வடமாநிலத் தொழிலாளர்கள் மூட்டை முடிச்சுகளோடு ரயில் ஏறியதை நாம் கண்டோம். வழியிலேயே மாண்டவர் எத்தனை பேர்? அவ்வாண்டு செப்டம்பர் 14 அன்று, ஊரடங்கில் ஊர் திரும்பும்போது இறந்த தொழிலாளர்களைப் பற்றிய கேள்விக்கு, அத்தகைய புள்ளிவிவரம் பராமரிக்கப்படவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் மக்களவையில் எழுதிக் கொடுத்தது. கேட்டவர் அத்துடன் சோர்ந்திருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் சில நாட்களிலேயே மாநிலங்களவையில் டெரிக் ஓ'பிரையன் ரயில்வே அமைச்சகத்திடம், சிறப்பு ரயில்களில் இறந்தோர் பற்றிக் கேட்டார். செப்டம்பர் 9 வரை 97 பேர் என்று பதில் வந்தது. துயரம் அதேதான், அரசும் அதேதான். கேட்ட இடமும் கேட்ட விதமும் மாறின. இல்லாத கணக்கு எண்ணாக வந்து நின்றது. கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரமே ரத்து செய்யப்பட்ட கூட்டத்தொடர் அது. எஞ்சியிருந்த எழுத்துப்பூர்வக் கேள்விதான் அந்த 97 உயிர்களுக்குச் சாட்சி சொன்னது.

இன்னும் பழைய செய்தி ஒன்று உண்டு. 1957இல் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் முந்த்ரா என்ற தொழிலதிபரின் நிறுவனங்களில் போடப்பட்டது குறித்து மக்களவையில் எழுந்த கேள்வியும், அதைத் தொடர்ந்து பெரோஸ் காந்தி தொடுத்த வாதமும் நீதிபதி சாக்ளாவின் விசாரணையில் போய் முடிந்தன. தமிழகத்தைச் சேர்ந்த நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி 1958இல் பதவி விலகினார். ஒரு கேள்வியில் தொடங்கிய காரியம் அது.

"பரிசீலனையில் உள்ளது", "தகவல் திரட்டப்படுகிறது" என்ற மழுப்பல்களுக்கும் வழி உண்டு. அவை அரசின் வாக்குறுதிகளாகக் கொள்ளப்படும். மூன்று மாதங்களுக்குள் நிறைவேற்றப்பட வேண்டும். அதைக் கண்காணிக்கவே உறுதிமொழிக் குழு இருக்கிறது. ஆனால் வாக்குறுதியை நினைவில் வைத்திருக்கிற மக்கள் இருந்தால்தான் குழுவுக்கும் உயிர் இருக்கும்.

இரண்டாவது தவறு, நம் பார்வையின் குறுகல். எவரேனும் ஓர் உறுப்பினர் நூல் விலையைப் பற்றியோ, ரயிலைப் பற்றியோ, யானை வழித்தடத்தைப் பற்றியோ கேள்வி கேட்டால், "நம்ம பிரச்சினையை விட்டுட்டு இதையெல்லாம் கேக்கறாரே" என்று நம் இளைஞர்கள் கைப்பேசியில் ஏளனம் செய்கிறார்கள். நாம் அவர்களைக் கேட்கிறோம்: நூல் விலை ஏறினால் தறி நிற்கிறதே, அங்கே நம் வீட்டுப் பிள்ளை வேலை செய்யவில்லையா? மேட்டுப்பாளையம் ரயில் நேரத்துக்கு வராவிட்டால் கல்லூரிக்குத் தாமதமாகிறவளின் தந்தை நம் ஸஃப்பில் நிற்கவில்லையா? சமையல் எரிவாயு, வைப்புநிதி ஓய்வூதியம், ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் மருந்து, சிறுதொழிலுக்கான கடன் ஆகியவற்றில் எது நம் பிரச்சினை அல்ல? வக்ஃபும் ஹஜ்ஜும் மட்டுமே முஸ்லிமின் விவகாரம் என்று நம்மைச் சுருக்க விரும்புகிறவர்கள் வெளியே இருக்கிறார்கள். அந்தச் சுருக்கத்தை நாமே ஏன் நமக்குத் தைத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்? காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அரசியல் நிர்ணய சபையில் தமிழுக்காகக் குரல் கொடுத்தார். அது முஸ்லிம் பிரச்சினையா, தமிழர் பிரச்சினையா என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை.

அதுபோலவே, சபை அறிந்து கேட்பதும் கடமை. சாக்கடையும் தெருவிளக்கும் மாநகராட்சியின் பொறுப்பு. மின்கட்டணமும் ரேஷனும் சட்டமன்றத்தில் கேட்க வேண்டியவை. இவற்றுக்காக நாடாளுமன்ற உறுப்பினரைத் திட்டிவிட்டு, அவரிடம் கேட்கவேண்டியதைக் கேட்காமல் திரும்புவது கதவு மாறித் தட்டுவதாகும்.

மூன்றாவது, நாம் வெளியே சொல்லத் தயங்கும் உண்மை: அச்சம். 1997 நவம்பரும் 1998 பிப்ரவரியும் இந்த மாவட்டத்தின் எல்லாச் சமூகத்தாரையும் புண்படுத்தின. அப்பாவிகளின் உயிர் பறிப்பதை நம் ஈமான் ஒருபோதும் ஏற்காது. ஆனால் அந்நாட்களுக்குப் பின் நம் வீடுகளில் ஒரு பாடம் ஊறிவிட்டது: பேசாமல் இரு, பேர் எழுதிக் கொடுக்காதே, மனுவில் கையெழுத்துப் போடாதே. இருபத்தைந்து ஆண்டுகள் கடந்தும் அந்தப் பாடத்தை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். இது ஸப்ரு அன்று, பெரியோர்களே! உரிமையைச் சட்டப்படி, மரியாதையாக, எழுத்தில் கேட்பதைவிட அமைதியான வழி வேறேது? அச்சத்தால் வாய்மூடியவர்களின் இடத்தை ஆத்திரக்காரர்களின் கூச்சல் நிரப்பிவிடும் என்பதைக் கோவையைவிட நன்கறிந்த ஊர் உண்டா?

குர்ஆனின் 58ஆம் அத்தியாயத்தின் பெயரே முறையிட்டு வாதாடிய ஒரு பெண்ணால் வந்தது. கணவரின் ஒரு சொல்லால் வாழ்வு இழந்து நின்ற கவ்லா பின்த் ஸஃலபா (ரலி) அவர்கள், நபி (ஸல்) அவர்களிடம் வந்து தம் வழக்கைச் சொன்னார், மீண்டும் மீண்டும் சொன்னார். அதே வீட்டில் இருந்த அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கே சில சொற்கள் கேட்கவில்லை. ஏழு வானங்களுக்கு மேலே அது கேட்கப்பட்டது, தீர்ப்பும் இறங்கியது. "விதி" என்று அவர் வீட்டில் முடங்கியிருந்தால்? கேட்பதைக் குற்றமாக நினைக்கிற சமுதாயம் இந்த அத்தியாயத்தை எந்த முகத்துடன் ஓதுகிறது?

கேள்வி ஓர் அமானத். அதை விற்றவர்களும் உண்டு. கேள்வி கேட்கப் பணம் வாங்கியதற்காக 2005 டிசம்பர் 23 அன்று மக்களவையிலிருந்து 10 பேரும் மாநிலங்களவையிலிருந்து ஒருவரும் நீக்கப்பட்டனர். நம் தொகுதியின் கேள்வியை விற்றவன் துரோகி என்றால், அதைக் கேட்காமலே ஐந்தாண்டு கழித்தவனை என்னவென்று அழைப்பது? அவனிடம் ஒருமுறைகூட அது பற்றி விசாரிக்காத நம்மை என்னவென்று அழைப்பது?

ஆகவே ஜமாஅத்துகளின் முத்தவல்லிகளுக்கும், குடும்பத் தலைவர்களுக்கும், குறிப்பாகத் தாய்மார்களுக்கும் நம் வேண்டுகோள் இதுவே. ஒவ்வொரு மஹல்லாவிலும் படித்த இளைஞர் இருவர், படித்த பெண்கள் இருவர் இதற்கென அமரட்டும். தெருவில் கேட்கும் குறைகளை நாள், எண், அலுவலகம் குறித்து எழுதட்டும். எது எந்தச் சபைக்குரியது என்று பிரிக்கட்டும். கூட்டத்தொடருக்கு ஒரு மாதம் முன்னதாகவே அந்தக் கேள்விகளை உறுப்பினரின் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை பெறட்டும். அவர் எக்கட்சியினர், எம்மதத்தினர் என்பது பொருட்டன்று. நம் வாக்கும் சேர்ந்தே அவர் அங்கு அமர்ந்திருக்கிறார். வந்த பதிலை மாதத்தில் ஒரு நாள் இஷாவுக்குப் பின் தமிழில் வாசித்துக் காட்டட்டும். பதில் வராததையும் வாசிக்கட்டும்.

அடுத்த ரமலானிலும் பிரதிநிதிகள் வருவார்கள். விருந்தினரை உபசரிப்பது நம் மார்க்கம், கஞ்சி கொடுப்போம். கோப்பையோடு ஒரு தாளையும் கையில் கொடுப்போம்: "ஐயா, போன வருடம் நாங்கள் கொடுத்த கேள்விகள் இவை. எதைக் கேட்டீர்கள்?" அந்த ஏழாம் வகுப்புப் பெண்பிள்ளைக்கு நாம் பட்ட கடன் அப்போதுதான் சிறிதேனும் தீரும்.

நாளை மறுமையில் ஒவ்வொருவரும் தம் பொறுப்பைப் பற்றிக் கேட்கப்படுவோம். அங்கே, "அதெல்லாம் யார் பார்க்கிறார்கள்" என்ற பதில் செல்லாது. அமானத்தைப் பேணும் நாவையும், அச்சமற்ற உள்ளத்தையும் வல்ல அல்லாஹ் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் வழங்குவானாக! ஆமீன்.