1962-இல் நாம் முன்னே நின்றோம்

1948 லண்டன் ஒலிம்பிக்கில் கால்பந்து ஆட ஆசியாவிலிருந்து வந்த அணிகளில் இரண்டு ஏழை தேசங்களின் அணிகளும் இருந்தன. ஒன்று, விடுதலை பெற்று ஓராண்டுகூட நிறைந்திராத இந்தியா. ஜூலை 31 அன்று பிரான்சை எதிர்த்துப் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடி, 1-2 என்ற கணக்கில் தோற்றார்கள். இந்தியாவின் அந்த ஒரே கோலை அடித்தவர் பெங்களூர்க்காரரான சாரங்கபாணி ராமன். மற்றொன்று கொரியா. கப்பல், ரயில், விமானம் என்று மாறி மாறி வாரக்கணக்கில் பயணம் செய்து வந்தவர்கள், மெக்சிகோவை 5-3 என வென்றுவிட்டு அடுத்த ஆட்டத்தில் சுவீடனிடம் 0-12 என்று நொறுங்கிப்போனார்கள். ஒலிம்பிக் முடிந்த மறுநாள் ஆகஸ்ட் 15. அன்றுதான் சியோலில் கொரியக் குடியரசு பிரகடனம் செய்யப்பட்டது.

அந்த இரண்டு அணிகளையும் அன்று பார்த்தவர்களிடம் எது முன்னேறும் என்று கேட்டிருந்தால், பெரும்பாலோர் இந்தியாவைத்தான் காட்டியிருப்பார்கள். ஆனால் 1986 முதல் 2026 வரை தொடர்ந்து 11 உலகக்கோப்பைகளுக்குத் தென்கொரியா தகுதி பெற்றுவிட்டது. நாம் ஒன்றில்கூட ஆடியதில்லை. தென்கொரியாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 5 கோடி. 2011 கணக்கெடுப்பின்படி கர்நாடகத்தில் மட்டும் 6 கோடிக்கு மேற்பட்டவர்கள் வாழ்ந்தார்கள். ஆகவே இதை ஆள்பலத்தின் கதை என்று தள்ளிவிட முடியாது. ஒரு சமூகம் தன் பிள்ளைகளின் ஆட்டத்தை யார் பொறுப்பில் விட்டது, அந்தப் பொறுப்பு எத்தனை தலைமுறை கைமாறாமல் தொடர்ந்தது என்பதுதான் கதை.

இதைப் பேசப் பெங்களூரின் ஆஸ்டின் டவுனைவிடப் பொருத்தமான இடம் குறைவு. 1809-இல் ஆங்கிலேயர் ஸ்ரீரங்கப்பட்டணத்துப் படையைப் பெங்களூருக்கு மாற்றிக் கன்டோன்மென்ட் அமைத்தபோது, மதராஸ் படையோடு சிப்பாய்களாகவும் சமையல்காரர்களாகவும் கொத்தனார்களாகவும் வியாபாரிகளாகவும் தமிழர்கள் வந்து தங்கினார்கள். அவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் அல்சூர், கௌதமபுரம், மர்பி டவுன், ஆஸ்டின் டவுன் ஆகிய பகுதிகளில், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஆடிய பந்து தெருவுக்கு வந்து தெருவுக்கே சொந்தமாகிவிட்டது. இன்றும் மாலை ஐந்து மணிக்கு ஆஸ்டின் டவுன் மைதானத்தின் ஓரம் நின்றால் அது தெரியும். ஒரே ஜோடி ஸ்டட்ஸை அண்ணன் பாதி ஆட்டமும் தம்பி பாதி ஆட்டமும் போட்டுக்கொள்வார்கள். தமிழும் கன்னடமும் உருதும் கலந்த கூச்சலில், "அண்ணா, இந்தப் பக்கம்!" என்பது மட்டும் தனியாகக் கேட்கும். உலகக்கோப்பை வந்தால் சந்துக்குச் சந்து பிரேசில், அர்ஜென்டினா கொடிகள் ஏறும். அந்தச் சந்துகளிலுள்ள வீடுகளுக்குள் இப்போது கொரியத் தொடர்களும் கொரியப் பாட்டும் ஓடுகின்றன. கொரியாவின் உடையையும் நூடுல்ஸையும் நம் பிள்ளைகள் நன்றாக அறிவார்கள். அந்த நாடு நடந்து வந்த பாதையையும் அவர்கள் அறிய வேண்டும்.

பந்துக்கும் கொரியாவுக்கும் உள்ள உறவு பழையது. 13-ஆம் நூற்றாண்டில் இர்யோன் என்ற பௌத்தத் துறவி தொகுத்த 'சம்குக் யூசா' ஒரு கதை சொல்கிறது. சில்லா நாட்டுத் தளபதி கிம் யூ-சின், அரச குடும்பத்தைச் சேர்ந்த கிம் சுன்-சூவோடு பந்து உதைத்து விளையாடும்போது, வேண்டுமென்றே நண்பனின் ஆடையை மிதித்துக் கிழிக்கிறார். பிறகு தைத்துத் தருவதாக வீட்டுக்கு அழைத்துப்போய்த் தங்கையிடம் ஊசியைக் கொடுக்கிறார். திருமணத்தில் முடிகிறது அந்தச் சந்திப்பு. அவர்களுடைய மகன் முன்மூ காலத்தில்தான் கொரியாவின் மூன்று அரசுகளும் ஒன்றாயின. இந்த கிம் யூ-சின், காயா என்ற பழைய கொரிய அரசின் மரபில் வந்தவர். அதே நூல் அந்த மரபின் தாயாகச் சொல்வது, கடல் கடந்து அயுதா நாட்டிலிருந்து வந்த ஹோ ஹ்வாங்-ஓக் என்ற இளவரசியை. அயுதா எது என்பதில் அயோத்தி என்றும் தென்தமிழகம் என்றும் வாதங்கள் உண்டு. ஐதிகத்தை ஐதிகமாகவே வைத்துக்கொள்வோம். வெளியிலிருந்து வந்த ஒருத்தியைக் குலத்தின் தாயாக ஏற்றுக்கொண்டு, அதை எழுதியும் வைத்த சமூகம் அது என்பதே நமக்குப் போதும்.

நவீனக் கால்பந்து 1882-இல் இஞ்சியோன் துறைமுகத்துக்கு வந்த ஆங்கிலேயப் போர்க்கப்பலோடு வந்தது என்பார்கள். 1910-இல் ஜப்பான் கொரியாவை விழுங்கியது. கொரியர்கள் கூட்டம் கூடுவதற்கே அஞ்ச வேண்டியிருந்த அந்த நாட்களில், 1929 முதல் சியோலுக்கும் பியோங்யாங்குக்கும் இடையே நடந்த நகரப் போட்டி மக்கள் திரள ஓர் இடம் தந்தது. 1935-இல் சியோல் அணி ஜப்பானுக்கே போய், அங்கே பேரரசர் கோப்பையை வென்று வந்தது. அதே காலத்தில் பெங்களூரிலும் இதே உணர்ச்சி இருந்தது. 1937-இல் பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையைப் பிரிட்டிஷ் ராணுவ அணிகளின் பிடியிலிருந்து முதலில் பறித்த இந்திய அணி, பெங்களூர் முஸ்லிம்ஸ். அடுத்த ஆண்டும் அவர்களே வென்றார்கள். ஆள்பவனின் ஆட்டத்தில் ஆள்பவனையே வெல்வது, இரண்டு ஊர்களிலும் தலைநிமிர்வதற்கான வழியாக இருந்தது.

பிறகு கொரியாவை நாடு பிளந்த துயரம் சூழ்ந்தது. 1946-க்குப் பின் சியோல் – பியோங்யாங் ஆட்டம் நடக்கவில்லை. 1950-இல் மூண்ட போர், 1953 ஜூலை 27-இல் போர்நிறுத்தத்தோடு ஓய்ந்தது. அங்கேயும் நம் ஊருக்கு ஒரு பங்கு உண்டு. ஊர் திரும்ப மறுத்த ஏறத்தாழ 22,000 போர்க்கைதிகளின் விஷயத்தைத் தீர்க்க அமைந்த நடுநிலை நாடுகளின் ஆணையத்துக்குத் தலைமை வகித்தவர் ஜெனரல் கே.எஸ். திம்மையா. பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளியில் படித்தவர். ஆஸ்டின் டவுனுக்குப் பக்கத்தில் ஓடும் ரிச்மண்ட் சாலைக்கு இன்று அவர் பெயர்தான். எந்தப் பக்கமும் வேண்டாம் என்று சொன்ன 88 கைதிகள் 1954 பிப்ரவரியில் கப்பலேறி மதராஸில் வந்திறங்கினார்கள்.

அதே 1954-இல்தான் தென்கொரியா முதல் உலகக்கோப்பைக்குப் போனது. ஜப்பான் அணியைத் தன் மண்ணில் கால்வைக்க விடமாட்டேன் என்று அதிபர் சிங்மன் ரீ மறுத்ததால், தகுதிச்சுற்றின் இரு ஆட்டங்களும் டோக்கியோவிலேயே நடந்தன. வென்று சுவிட்சர்லாந்துக்குப் போனவர்கள், களைப்பு தீராமலே ஹங்கேரியிடம் 0-9 என்றும் துருக்கியிடம் 0-7 என்றும் தோற்றார்கள். இடிபாடுகளுக்கு நடுவே வாழ்ந்த ஒரு நாடு அந்த இரண்டு தோல்விகளையும் வாங்கிக்கொண்டு, 1956-இலும் 1960-இலும் ஆசியக் கோப்பையை வென்றது.

நாமும் அப்போது சளைத்தவர்கள் இல்லை. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காவது இடம். 1962 செப்டம்பர் 4, ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் இறுதியாட்டம். ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் நிறைந்த அரங்கம் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டது. முதல் சுற்றில் நம்மை 2-0 என வென்றிருந்த தென்கொரியாதான் எதிரே நின்றது. பி.கே. பானர்ஜி ஒரு கோல். தலையில் தையல் போட்ட காயத்தோடு, பின்களத்திலிருந்து முன்களத்துக்கு மாற்றப்பட்ட ஜர்னைல் சிங் ஒரு கோல். கோல் காவலில் பீட்டர் தங்கராஜ், முன்வரிசையில் செகந்திராபாத்துத் தமிழர் துளசிதாஸ் பலராம், அணியில் பெங்களூரின் அருமைநாயகம். 2-1 என்று தங்கம் நமக்கு வந்தது. புற்றுநோயோடு அந்த அணியைப் பயிற்றுவித்த சையத் அப்துல் ரஹீம், அடுத்த ஜூனில் இறந்துபோனார்.

அவரோடு ஒரு முறைமையே போய்விட்டது. நம்மிடம் அரிய மனிதர்கள் இருந்தார்கள். அவர்கள் போன பிறகும் தொடரக்கூடிய ஏற்பாடு இருக்கவில்லை. கொரியாவில் ஏற்பாடு முளைத்தது, அதுவும் எப்போதும் தூய நோக்கத்தோடு அல்ல. 1966 உலகக்கோப்பையில் வடகொரியா இத்தாலியை வீழ்த்தியதும், மறு ஆண்டே தெற்கின் உளவுத்துறை தானே ஒரு கால்பந்து அணியைத் தொடங்கியது. 1983-இல் வந்த தொழில்முறை லீகும், ராணுவத் தளபதியாக இருந்து ஆட்சியைப் பிடித்த சுன் டூ-ஹ்வானின் காலத்தில் பிறந்ததே. மக்களின் கவனத்தை அரசியலிலிருந்து திருப்பும் நோக்கம் அதற்கு இருந்தது என்று கொரியர்களே எழுதுகிறார்கள். ஐந்து அணிகளில் ஒன்று 'ஹல்லேலூயா' என்ற கிறிஸ்தவ அணி. மற்றவை எஃகு ஆலை, எண்ணெய் நிறுவனம், தேவூ, வங்கி ஆகியவற்றின் பின்பலத்தில் நின்றன. பெரிய நிறுவனங்கள் அணிகளை நடத்தின, ஊர்கள் அந்த அணிகளைத் தம்முடையவையாக்கிக்கொண்டன. போஹாங் நகரில் எஃகு நிறுவனம் 1990-இல் கால்பந்துக்கென்றே ஒரு அரங்கம் கட்டியது. ஸ்ரீபெரும்புதூரில் கார் செய்யும் ஹூண்டாயின் பெயர், உல்சான் நகரத்துக் கால்பந்தோடு பல பத்தாண்டுகள் சேர்ந்தே இருந்தது.

இந்த வளர்ச்சிக்குப் பிள்ளைகள் கொடுத்த விலையையும் சொல்லியாக வேண்டும். தேசியப் போட்டியில் முதல் நான்கு இடத்துக்குள் வந்தால்தான் கல்லூரியில் இடம் என்ற முறையால், பள்ளி வீரர்கள் வகுப்பறையையே பார்க்காமல் வளர்ந்தார்கள். அடியும் மிரட்டலும் பயிற்சியின் பகுதியாக இருந்தன. 2020-இல், பயிற்சியிடத்துக் கொடுமை தாளாமல் ஓர் இளம் டிரையத்லான் வீராங்கனை உயிரை மாய்த்துக்கொண்ட பிறகுதான் சட்டம் கடுமையானது. ஆனால் கொரியர்கள் தம் தவற்றைத் திருத்தவும் செய்தார்கள். 2009-இல் பள்ளிகளுக்கு வார இறுதி லீக் வந்தது. வாரநாளில் படிப்பு, வார இறுதியில் ஆட்டம். நம் ஊருக்கு நேரடியாகப் பயன்படும் பாடம் இதுதான்.

2002 உலகக்கோப்பைக்கான அணியில் ஹிடிங்க் என்ற டச்சுப் பயிற்சியாளர் இன்னொரு பழைய கட்டை அவிழ்த்தார். வயதில் மூத்தவர் ஒரு மேசை, இளையவர் வேறு மேசை என்று வீரர்கள் சாப்பிடும் வழக்கத்தை மாற்றி எல்லோரையும் கலந்து உட்காரவைத்தார். களத்தில் மரியாதைச் சொல் வேண்டாம், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்றார். கன்பூசிய மரபில் ஊறிய சமூகத்துக்கு அது எளிதல்ல. மூத்தவரிடம் பந்து கேட்கவே தயங்கும் நம் பையன்களுக்கும் இது புரியும். அந்த அணி அரையிறுதி வரை போனது. வழியில் சில நடுவர் தீர்ப்புகள் பற்றிய சர்ச்சை இன்றும் ஓயவில்லை. ஆனால் தெருவில் நடந்ததில் சர்ச்சைக்கு இடமில்லை. 1987-இல் ஜனநாயகம் கேட்டு மக்கள் கூடிய சியோல் மாநகராட்சி முகப்பில், லட்சக்கணக்கான இளைஞர்கள் சிவப்புச் சட்டையோடு நின்றார்கள். போருக்குப் பின் கம்யூனிஸ்டு என்ற சந்தேகத்தைக் கிளப்பிய நிறம் அது. தந்தையர் அஞ்சிய நிறத்தைப் பிள்ளைகள் அச்சமின்றி அணிந்தார்கள்.

பெங்களூரிலும் நிறுவனங்கள்தாம் ஆட்டத்தைத் தாங்கின. எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., ராணுவத்தின் எம்.இ.ஜி. போன்ற அணிகளில் இடம் கிடைத்தால் வேலை உறுதி. ஆஸ்டின் டவுன் போன்ற பகுதிகளில் ஒரு பையன் நன்றாக ஆடினால், அது குடும்பத்துக்கே மாதச் சம்பளம். பொதுத்துறை சுருங்கச் சுருங்க அந்த ஏணியின் படிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. 2013-இல் பிறந்த பெங்களூரு எஃப்.சி. முதல் ஆண்டிலேயே ஐ-லீக்கை வென்றது. 2023-இல் கர்நாடகம் 54 ஆண்டுகளுக்குப் பின் சந்தோஷ் கோப்பையைக் கைப்பற்றியது. இவை மகிழ்ச்சியானவை. ஆனால் உச்சியில் ஒரு கிளப் மின்னுவதும், தெருவிலிருந்து அங்கே போக வழி இருப்பதும் வேறு வேறு. மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் டர்ஃப்கள் நகரமெங்கும் பெருகிவிட்டன. அங்கே ஆடக் காசு இருப்பவனுக்குத்தான் இடம். ஒரே ஜோடி ஸ்டட்ஸை மாற்றிப் போடும் அண்ணன் தம்பிக்கு மாநகராட்சி மைதானமே கதி.

கொரியாவைப் பார்த்து நகல் எடுக்க வேண்டியதில்லை. அவர்களின் தளபதிகளும் வேண்டாம், அடியும் வேண்டாம். எடுத்துக்கொள்ள வேண்டியது தொடர்ச்சியை. அரசு மாறியும், பயிற்சியாளர் மாறியும், படுதோல்விகள் வந்தும் அறுந்துபோகாத பொறுப்பை. ஆஸ்டின் டவுனுக்குத் தேவையானவை மிகச் சாதாரணமானவை: ஒப்பந்தக்காரர் கைக்குப் போகாமல் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கும் மைதானம், 10 வயதிலிருந்து வயதுவாரியாக வார இறுதிதோறும் தவறாமல் நடக்கும் லீக், மாதச் சம்பளம் வாங்கும் பயிற்சியாளர், படிப்பா பந்தா என்று கேட்டு மிரட்டாத பள்ளி. இந்த நகரத்தில் லாபம் பார்க்கும் நிறுவனங்கள், கொரிய நிறுவனங்கள் உட்பட, ஒரு சிறுவர் லீகைத் தத்தெடுக்க முன்வரலாம். மாநகராட்சியும் பள்ளிகளும் தேவாலயங்களும் மசூதிகளும் கோயில் சங்கங்களும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் அடுத்த ஜூனிலேயே தொடங்கிவிடலாம். பலன் தெரிய இருபது ஆண்டுகள் ஆகும். 0-12 தோல்விக்கும் உலகக்கோப்பை அரையிறுதிக்கும் நடுவே கொரியர்கள் 54 ஆண்டுகள் உழைத்தார்கள். நம் பிள்ளைகளுக்காக இருபது ஆண்டு தொடர்ந்து உழைக்க நம்மால் முடியும், முடிய வேண்டும்.